மகள் குடித்த ஒயினும் மகன் குடித்த பீரும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். குலசேகரம் பக்கம் எங்களுக்குச் சின்ன ரப்பர் தோட்டம் உண்டு. போன வருஷம் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. இப்போது வயிற்றில் பிள்ளை. கடைசி மாதவிலக்கு டிசம்பர் 4. ஜனவரி 29 ஸ்கேனில் எட்டு வாரம் என்றார்கள். விஷயம் தெரிவதற்கு முன் கிறிஸ்துமஸுக்கு நான் வீட்டில் போட்ட திராட்சை ஒயினை 24, 25 இரண்டு நாளும் அரை டம்ளர் குடித்தாள். டிசம்பர் 31 ராத்திரி ஒரு டம்ளர். ஜனவரி 12 பாறசாலையில் ஒரு கல்யாணத்தில் கேக் வெட்டியபோது சின்ன கிளாஸில் ஒன்று. 16-ஆம் தேதி டெஸ்ட் பார்த்ததிலிருந்து தொடவில்லை. இது ஒரு கவலை. பிளஸ் ஒன் படிக்கும் மகன் ஊர்த் திருவிழா பத்தாம் நாள் ராத்திரி வாடையோடு வந்து நின்றான். வயது 16. ஒரு பாட்டில் பீர் மட்டும்தான் என்கிறான். அவனுக்க அப்பா, "பீருதானே, வெளியில கண்டவன்கூட குடிக்கதுக்கு இனி நானே வீட்டுல வாங்கிக் குடுக்கேன்" என்கிறார். மாமியாரோ, ஏழு மாதம் தாண்டினால் சளிக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுக்கலாம், பிரசவம் ஆனதும் தசமூலாரிஷ்டம் வேண்டும், பிள்ளைக்குச் சளி கட்டினால் ஒரு ஸ்பூன் பிராந்தி போதும், "உனக்க மாப்பிளைய அப்படித்தான் வளத்தேன்" என்கிறார். மகள் காரியத்தை நினைத்து எனக்குத் தூக்கம் இல்லை. மகனைப் பற்றி அவ்வளவு பயம் வரவில்லை, மூளை வளர்ந்த பையன்தானே. எந்தக் காலத்தில் மது பட்டால் மூளைக்குக் கெடுதல் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பயத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்கச் சொல்லப் போகிறேன். மகளை நினைத்துக் கெடுகிற தூக்கத்தில் பாதியை மீட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கவலையை மகனுக்கும், உங்கள் மாமியாரின் பிராந்திப் புட்டிக்கும் பங்கு வையுங்கள்.

தேதிகளைக் குறித்து எழுதியதற்கு முதலில் நன்றி. என்னிடம் வருகிறவர்களில் பலர் "தெரியாமக் குடிச்சுப்போட்டா டாக்டரே" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எப்போது, எவ்வளவு என்று கேட்டால் பதில் இருக்காது. இந்த விஷயத்தில் அந்த இரண்டும் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் மது மூளையின் எந்த இடத்தில் கை வைக்கும் என்பது, அன்றைக்கு அந்த மூளையில் என்ன வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஸ்கேனில் சொல்லும் வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கு நாளிலிருந்து தொடங்குவது. கரு உண்டாவது அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. ஆகவே மகளுக்குக் கரு உண்டானது டிசம்பர் 18-ஐ ஒட்டி இருக்கும். அப்படியானால் கிறிஸ்துமஸ் அன்று அந்தக் கருவுக்கு வயது ஆறேழு நாள். கர்ப்பப்பைச் சுவரில் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருக்கும், அல்லது ஒட்டியே இருக்காது. தாயின் ரத்தத்தோடு அதற்கு இன்னும் சரியான தொடர்பு இல்லை. மூளை என்று பெயர் சொல்ல ஒரு செல்கூட உருவாகவில்லை. இந்த முதல் இரண்டு வாரத்தில் பெரிய அடி பட்டால் கரு தங்காமல் போய்விடும். தங்கிவிட்டால் பெரும்பாலும் சேதமில்லாமல் மேலே வளரும். டிசம்பர் 31 அன்று வயது பதிமூன்று நாள். அதுவும் இந்தக் காலத்தின் கடைசி ஓரத்தில்தான் விழுகிறது.

யோசிக்க வேண்டியது பாறசாலைக் கல்யாணத்தில் குடித்த அந்தச் சின்ன கிளாஸ்தான். ஜனவரி 12 அன்று கருவுக்கு வயது இருபத்தைந்து நாள். மூளையும் முதுகுத்தண்டும் உருவாகப்போகும் நரம்புக்குழாய் மூடிக்கொண்டிருக்கிற நேரம் அது. இருபத்தெட்டாம் நாளுக்குள் அந்த வேலை முடிந்துவிடும். அதற்கு முந்தைய வாரம், அதாவது கருவின் மூன்றாவது வாரம், இன்னும் நுட்பமானது. 1981-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கேத்லீன் சூலிக் என்ற ஆய்வாளர் சினை எலிகளுக்கு, மனிதக் கருவின் மூன்றாவது வாரத்துக்குச் சமமான ஒரே ஒரு நாளில் அதிக அளவு மதுவைச் செலுத்திப் பார்த்தார். குட்டிகளின் முகம் மாறியிருந்தது. மது பாதித்த குழந்தைகளிடம் மருத்துவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்த அதே முகம். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் நம் எல்லோருக்கும் ஒரு சின்னப் பள்ளம் இருக்குமே, அது தட்டையாகிவிடும். மேலுதடு மெலிந்திருக்கும். கண்ணின் திறப்பு சிறியதாக இருக்கும். முகமும் முன்மூளையும் ஒரே சமயத்தில், ஒன்றுக்கொன்று துணையாக உருவாவதால்தான் முகத்தில் தெரிகிற மாற்றம் உள்ளே மூளையில் நடந்ததற்குச் சாட்சியாகிறது.

உங்கள் மகள் அந்த மூன்றாவது வாரத்தில் குடிக்கவில்லை. ஜனவரி 1 முதல் 8 வரை ஒன்றும் இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் அவள் மருத்துவரிடம் திருத்திச் சொல்லட்டும்.

அடுத்து, எவ்வளவு என்பது. வீட்டு ஒயினில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று யாரும் அளந்து போடுவதில்லை. கிராம்பும் பட்டையும் எத்தனை என்று கேட்டால் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 100 மில்லியில் 8 கிராம் ஆல்கஹால். அரை டம்ளருக்கு அவ்வளவு. கல்யாண வீட்டுக் கிளாஸ் அதைவிடச் சின்னது. ஒரே மூச்சில் ஏழெட்டு கிளாஸ் உள்ளே போய், ரத்தத்தில் மதுவின் அளவு உச்சத்துக்கு ஏறுகிறதே, அதுதான் கருவுக்கு மிக மோசமானது என்று விலங்கு ஆய்வுகளும் மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன. உங்கள் மகள் அந்தப் பக்கமே போகவில்லை. 2017-ல் உலகளவில் தொகுத்த ஒரு கணக்கின்படி, கர்ப்பகாலத்தில் குடித்த பெண்களில் ஏறத்தாழ 67 பேரில் ஒருவருக்கே முழு அளவிலான பாதிப்போடு குழந்தை பிறக்கிறது. அந்த 67 பேரில் மாதக்கணக்காகக் குடித்தவர்களும் அடக்கம்.

ஆனால் இதை வைத்து "கொஞ்சம் குடித்தால் ஒன்றும் ஆகாது" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எவ்வளவுக்குக் கீழே போனால் பாதுகாப்பு என்று ஒரு கோடு போட இதுவரை யாராலும் முடியவில்லை. ஒரே வயிற்றில், ஒரே மதுவில் வளர்ந்த இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்தாலே காரணம் புரியும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்றால் இருவருக்கும் பாதிப்பு ஒன்றுபோல் இருக்கிறது. தனித்தனிக் கருவாக உண்டான இரட்டையர் என்றால் ஒருவனுக்கு அதிகமாகவும் மற்றவனுக்குக் குறைவாகவும் இருப்பது உண்டு. பிள்ளைக்குப் பிள்ளை மரபணு வேறு, தாய்க்குத் தாய் ஊட்டம் வேறு, ஈரல் மதுவை எரிக்கும் வேகமும் வேறு. பக்கத்து வீட்டுக்காரி குடித்தும் அவள் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான் என்ற வாதம் இதனால்தான் செல்லாது.

மதுவால் கருவுக்கு இப்படி ஆகும் என்பதே வைத்தியத்துக்குச் சமீபத்திய செய்திதான். பிரான்சில் நான்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் பால் லெமுவான் 1968-ல் குடிக்கும் பெற்றோரின் 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார், கண்டுகொள்வார் இல்லை. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் எழுதி, அதற்கு ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்று பெயரும் வைத்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. உங்கள் மாமியார் பிள்ளை வளர்த்த காலத்தில் மருத்துவர்களுக்கே இது சரியாகத் தெரியாது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அவர் சொல்லும் ஏழாம் மாதக் கணக்கு மிகவும் தவறானது. "கையும் காலும் எல்லாம் வந்தாச்சே, இனி என்ன" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கையும் காலும் வந்துவிட்டன. மூளைக்கோ மிகப் பெரிய வேலையே ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை நரம்பணுக்கள் கோடிக்கணக்கில் பிறந்து, மூளையின் உட்பகுதியிலிருந்து வெளிப்பகுதிக்கு நகர்ந்து, அதது தன் இடத்தில் போய் உட்காருகின்றன. அந்த நேரத்தில் மது பட்டால் அணுக்களின் எண்ணிக்கை குறையும், சில இடம் மாறி உட்காரும். அதற்குப் பிறகு அந்த அணுக்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன, இணைப்புகள் பெருகுகின்றன, மூளையின் எடை மளமளவென்று ஏறுகிறது. பிறந்த பிறகும் சில ஆண்டுகள் இந்த வேகம் தணிவதில்லை.

எலிக்கு இந்தக் கட்டம் பிறந்த பின் வருகிறது. அதனால் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குழு பிறந்து ஏழு நாளான எலிக் குட்டிகளுக்கு மதுவைக் கொடுத்துப் பார்த்தது. குட்டிகளின் மூளையில் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தாமாகவே மடிந்தன. இந்த வயதில் ஓர் அணு உயிரோடிருக்க வேண்டுமானால் பக்கத்து அணுக்களிடமிருந்து அதற்குச் சைகை வந்துகொண்டே இருக்க வேண்டும். மது அந்தச் சைகையை அமுக்கிவிடுகிறது. சைகை வராத அணு, தான் தேவையில்லை என்று முடிவெடுத்து மடிந்துவிடுகிறது. நடை, சமநிலை, கைநுணுக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் சிறுமூளைக்கும், ஞாபகத்தைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கும் இந்தக் கட்டத்தில்தான் அதிக அடி.

இந்தக் கட்டத்தில் மது பட்ட குழந்தையின் முகத்தில் எதுவும் தெரியாது என்பதுதான் சிக்கல். முகம் உருவாகும் வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. பிறந்த எடை சரி, ஸ்கேன் சரி, முகம் லட்சணம். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதுதான் தெரியவரும். ஓரிடத்தில் இருக்க மாட்டான். நேற்று சொல்லிக்கொடுத்த கணக்கு இன்றைக்கு மறந்துபோகும். தண்டித்தாலும் அடுத்த தடவை அதே தப்பைச் செய்வான். டீச்சர் "திமிரு" என்பார், வீட்டில் "மடி, சோம்பேறி" என்பார்கள். மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்கு அந்தத் தனி முகம் இருப்பதில்லை. அதனால் காரணமும் கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது.

ஆகவே ஏழாம் மாதத்தில் சளிக்குப் பிராந்தி கிடையவே கிடையாது. தாய் குடித்த கொஞ்ச நேரத்துக்குள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் ரத்தத்திலும் ஏறக்குறைய அதே அளவு சேர்ந்துவிடும். எரித்துத் தள்ள அதன் ஈரலுக்கு இன்னும் திறன் வரவில்லை. பனிக்குடநீரிலும் மது தேங்கும், பிள்ளை அதையே விழுங்கிக்கொண்டிருக்கும்.

பிறந்த பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் என்கிறாரே, அதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். நம் ஊரில் விற்கும் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். ஒரு டீஸ்பூன், 5 மில்லி. அதில் ஆல்கஹால் 1.7 கிராம். நாலு கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையின் உடம்பில் அது கலந்தால் 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் வந்து நிற்கும். வண்டி ஓட்டுகிற பெரிய ஆளுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே 30 மில்லிகிராம்தான். களியக்காவிளை செக்போஸ்ட்டில் ஊதச் சொன்னால் உங்கள் பேரப்பிள்ளை மாட்டிக்கொள்வான். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கைக்குழந்தைக்கு மது ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், வலிப்பு வரும், மூச்சு மந்தமாகும். "குடுத்ததும் பிள்ள நல்லா உறங்குச்சு" என்பார்கள். அது உறக்கம் இல்லை, மயக்கம். சொட்டுக் கணக்கில் நாக்கில் தடவுவதும் வேண்டாம். சொட்டு எப்போது ஸ்பூன் ஆகும் என்று சொல்ல முடியாது.

தசமூலாரிஷ்டத்தைப் பிராந்தியோடு ஒன்றாக வைக்க மாட்டேன். நம் குமரி மாவட்டத்தில் பேறுகாலத்துக்கு அது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அரிஷ்டம், ஆசவம் எல்லாமே புளிக்கவைத்துச் செய்கிற மருந்துகள். தானாக உண்டாகும் ஆல்கஹால் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் இருக்கும். புட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். 30 மில்லி வீதம் காலையும் மாலையும் குடித்தால் நாளுக்கு நாலு கிராம் அளவுக்கு ஆல்கஹால் போகும். கர்ப்பகாலத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து. பிரசவத்துக்குப் பின் கொடுத்தே தீர வேண்டும் என்றால், பிரசவம் பார்த்த மருத்துவரிடமும் வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். புளிக்கவைக்காத தசமூலக் கஷாயமும் உண்டு, அது போதுமா என்று வைத்தியரிடம் விசாரியுங்கள். அரிஷ்டம்தான் என்று முடிவானால், பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்த கையோடு குடித்துவிட்டு அடுத்த பாலுக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். தாயின் ரத்தத்தில் எவ்வளவோ அவ்வளவு பாலிலும் இருக்கும், ரத்தத்தில் இறங்கினால் பாலிலும் இறங்கும். இடையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதால் சீக்கிரம் இறங்காது. பால் சுரக்கப் பீர் நல்லது என்று எங்காவது கேள்விப்பட்டால் நம்பாதீர்கள். தாய் குடித்தபின் பிள்ளை குடிக்கும் பாலின் அளவு குறைகிறது என்றே ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

இனி உங்கள் மகன்.

மூளை வளர்ந்த பையன் என்று எழுதியிருக்கிறீர்கள். மூளையின் அளவு வளர்ந்துவிட்டது, உண்மை. வேலை முடியவில்லை. பதின்ம வயதில் மூளை இரண்டு காரியங்களைச் செய்கிறது. சிறுவயதில் தாறுமாறாகப் பெருகிய இணைப்புகளில் பயன்படாதவற்றைக் கழித்து, பயன்படுபவற்றை உறுதியாக்குகிறது. தூரத்துப் பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகளுக்குக் கொழுப்பு உறை போட்டு அவற்றின் வேகத்தைக் கூட்டுகிறது. இந்த வேலை பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி வருகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் கடைசி. "வேண்டாம்டா, நாளைக்குப் பரீட்சை" என்று தடுக்கிற பகுதி அது. இருபத்தைந்து வயது வரைக்கும்கூட அதில் வேலை நடந்துகொண்டிருக்கும். சந்தோஷத்தையும் கிளர்ச்சியையும் தேடுகிற உள்பகுதியோ பதினைந்து பதினாறிலேயே முழுவேகத்தில் ஓடத் தொடங்கிவிடும்.

2020-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூன்று பேர், வாழ்நாளில் மது மூளையை அதிகம் தாக்கக்கூடிய மூன்று காலங்களைக் குறிப்பிட்டார்கள். கருவிலிருந்து பிறப்பு வரை ஒன்று. 65 வயதுக்கு மேல் ஒன்று. நடுவில் இருப்பது 15 முதல் 19 வயது வரை. உங்கள் வீட்டில் இப்போது முதல் காலத்தில் ஒரு பிள்ளையும் நடுக் காலத்தில் ஒரு பிள்ளையும் இருக்கிறார்கள். மாமியாரின் வயது எனக்குத் தெரியாது.

"ஒரு பாட்டில் பீர் மட்டும்" என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். பெரிய பாட்டில் 650 மில்லி. ஸ்ட்ராங் பீர் என்றால் 8 சதவீதம் வரை ஆல்கஹால், அதாவது 41 கிராம். அறுபது மில்லி லார்ஜ் பிராந்தியில் 20 கிராம். ஆக, ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் குடித்தவன் இரண்டு லார்ஜ் குடித்தவனுக்குச் சமம். ஐம்பது கிலோ எடையுள்ள பையன் அதைக் கொஞ்ச நேரத்தில் குடித்து முடித்தால், ரத்தத்தில் அளவு வண்டி ஓட்டும் வரம்பைப்போல மூன்று மடங்கைத் தாண்டும். "பீருதானே" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லும்போது இதை அவருக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு நல்ல பெயர் எடுத்து வைத்திருக்கிறது இந்தப் பீர்.

அந்த வயதில் இன்னொரு வம்பு உண்டு. இளம் எலிகளுக்கும் வளர்ந்த எலிகளுக்கும் ஒரே அளவு மது கொடுத்தால், வளர்ந்தது தள்ளாடித் தூங்கிவிடும், இளசு நின்று சமாளிக்கும். ஆனால் வழி கண்டுபிடிக்கும் சோதனையில் இளசுக்குத்தான் ஞாபகம் அதிகமாகக் குழம்பும். போதும் என்று உடம்பு தருகிற எச்சரிக்கை குறைவு, உள்ளே நடக்கிற சேதம் அதிகம். நம் பையன்கள் "எனக்கு ஏறவே இல்ல" என்று பெருமையடிப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மனிதர்களில் என்ன ஆகிறது? அமெரிக்காவில் 12 முதல் 21 வயது வரையுள்ள 800-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஆண்டுதோறும் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து வருகிறார்கள். அவர்களில் அதிகமாகக் குடிக்கத் தொடங்கியவர்களுக்கு நெற்றிப் பகுதியின் சாம்பல் நிறப் பொருள் வயதுக்கு உரியதைவிட வேகமாகக் குறைந்தது, இணைப்பு இழைகளின் வளர்ச்சி மந்தப்பட்டது. அதே நாட்டில் 1997-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகி இருந்தார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது 10 சதவீதம். சீக்கிரம் தொடங்கியதால் மட்டுமே இப்படி ஆனது என்று சொல்லிவிட முடியாது. குடிக்கிற குடும்பத்தில்தான் பிள்ளைகள் சீக்கிரம் தொடங்குகிறார்கள், பரம்பரையும் அதில் இருக்கிறது. அதனால் உங்கள் வீட்டிலும், உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் தம்பி, உங்கள் கூடப்பிறந்தவர்கள் பக்கத்திலும் குடிக்கு அடிமையானவர்கள் இருக்கிறார்களா என்று யோசியுங்கள். இருந்தால் உங்கள் மகன் மற்றப் பையன்களைவிட அதிகக் கவனமாக இருக்க வேண்டியவன்.

உங்கள் வீட்டுக்காரருக்கு நேராக ஒன்று சொல்கிறேன். தோட்டம் வைத்திருக்கிறவர், இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ரப்பர் மரம் ஐம்பது சென்டிமீட்டர் சுற்றளவு வருமுன் யாராவது பால் வெட்டக் கத்தி வைப்பார்களா? வைத்தால் மரம் பட்டுப்போகாது, இலையும் பச்சையாகத்தான் இருக்கும், பாலும் கொஞ்சம் வரும். ஆனால் அதற்குப் பிறகு தடி பருக்காது, தர வேண்டிய பாலை அந்த மரம் தராது. அந்தப் பையனும் இன்னும் வெட்டுக்கு ஆகவில்லை.

வீட்டில் வைத்துக் கொடுத்தால் கட்டுப்பாடாகக் குடிக்கப் பழகுவான் என்ற எண்ணம் அவருக்கு மட்டும் இல்லை, படித்த அப்பாக்கள் பலருக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1,900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. வீட்டில் கிடைத்த பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பது கூடியது, அளவுமீறிக் குடிப்பதும் கூடியது. அப்பா அனுமதித்துவிட்டார் என்பதுதான் பையனுக்கு அதில் மிஞ்சுகிற பாடம்.

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது, எல்லை தாண்டினால் கேரளத்தில் அது 23. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு, மருத்துவர் சொல்லாமல் மது கொடுக்கிறவருக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77-ன்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெற்ற அப்பாவுக்கு அதில் விலக்கு இல்லை.

மகனை அடிக்க வேண்டாம், ஊரைக் கூட்டவும் வேண்டாம். ஒரு தடவை குடித்தவன் எல்லாம் குடிகாரன் இல்லை. வாடை போய், கோபம் தணிந்து, நீங்களும் அவனும் மட்டும் இருக்கிற ஒரு நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். யாரோடு, எங்கே, எத்தனையாவது தடவை, யார் வாங்கித் தந்தது, வண்டியில் வந்தாயா என்று கேளுங்கள். முக்கியமாக, அன்று ராத்திரி நடந்ததில் ஏதாவது அவனுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். தேர் வந்தது தெரியும், வீட்டுக்கு வந்தது தெரியாது என்றால் ஹிப்போகாம்பஸ் அன்றைக்குப் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டது என்று அர்த்தம். அப்படி இருந்தாலும், மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை நடப்பதாகத் தெரிந்தாலும், மார்க் சட்டென்று இறங்கியிருந்தாலும் அழைத்து வாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். இது முதல் தடவைதான் என்றால் வீட்டிலேயே சரிசெய்து விடலாம். அதற்கு முதல் வேலை, அப்பாவின் புட்டி அலமாரியை விட்டுப் போக வேண்டும். கிறிஸ்துமஸ் ஒயின் பரணியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகளுக்குச் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. அந்த நாலு தேதிகளையும் அளவுகளையும் அப்படியே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர் திட்ட மாட்டார், குறித்துக்கொள்வார். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும். 18 முதல் 20 வாரத்துக்குள், அதாவது ஏப்ரல் 9 முதல் 23 வரை, உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனை எடுத்துவிடுங்கள். நரம்புக்குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஞாபகம், கவனம் போன்றவை எந்த ஸ்கேனிலும் தெரியாது. அதற்குப் பிள்ளை பிறந்த பின் தடுப்பூசிக்குக் கொண்டுபோகிற ஒவ்வொரு தடவையும் வளர்ச்சியைப் பார்க்கச் சொன்னால் போதும். எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுதான் அது. ஜனவரி 16-க்குப் பிறகு அவள் தொடாமல் இருக்கிறாளே, அந்தப் பிள்ளையின் மூளையில் நடக்கப்போகிற வேலையில் மிகப் பெரும்பகுதி அந்தத் தேதிக்குப் பிறகுதான் வருகிறது.

மாமியாரிடம் இதையெல்லாம் மருமகள் வாயால் சொன்னால் எடுபடாது. ஏப்ரலில் ஸ்கேனுக்குப் போகும்போது அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிராந்தி கொடுக்கலாமா என்று டாக்டரிடம் அவரே கேட்கட்டும்.